அறுபத்து நாலு படிக்குக் கீழே

"அம்மா, பதினோரு வருஷமா உட்காருதேன். எனக்கு ஏன் இன்னும் ஒண்ணும் ஆகல?"

கேட்டுவிட்டு ஆவுடையப்பன் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். சும்மா கேட்கவில்லை, கையில் சாட்சி இருக்கிறது என்பது போல.

"மொத்தம் நாலாயிரத்துப் பதினெட்டு நாள். மக கல்யாணத்துல நாலு நாள் விட்டுப்போச்சு. மஞ்சக்காமாலையில இருபத்திரண்டு. மிச்சம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டு நாளும் காலையில நாலரைக்கு உட்கார்ந்திருக்கேன். ஒரு மணி நேரம். எழுநூத்தி இருபது மூச்சு. ஒரு மூச்சு எண்ணாம விட்டதில்ல."

மங்கையர்க்கரசி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார்.

"கையெழுத்து அழகா இருக்கு, அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆவுடையப்பனுக்கு அறுபது வயது. மலையடிவார ரூட்டில் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மங்கையர்க்கரசிக்கு நாற்பத்து மூன்று. ஆனைக்கல் மலையின் பாதி உயரத்தில் ஒரு கூடம் கட்டி, வருகிறவர்களை உட்கார வைத்துத் தியானம் பழக்கினார். வயதில் மூத்தவர்களும் அவரை அம்மா என்றார்கள்.

கூடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஆனால் யாரோ ஒருவருக்கு மட்டும், எப்போதோ ஒரு முறை, அம்மா தன் கையால் ஒரு ஓலைத் தடுக்கை விரித்து, "இது உங்க இடம்" என்பார். அந்தத் தடுக்கில் உட்கார்ந்தவர் பிறகு யாரிடமும் எதுவும் கேட்டு அலைவதில்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேச்சு.

அதற்குத்தான் ஆவுடையப்பன் வந்திருந்தார்.

"எனக்கு ஒரு தடுக்கு போட்டுக் கொடுங்கம்மா. அதுவும் நாற்பத்தெட்டு நாளைக்குள்ள."

"அது என்ன கணக்கு?"

"என் வீட்டுக்காரி போட்ட கெடு. 'ஒரு மண்டலம் தாரேன். அதுக்குள்ள கிடைச்சா சந்தோஷம். இல்லைன்னா மூச்சை எண்ணுறதையெல்லாம் மூட்டை கட்டிட்டு, வீட்டுல மனுஷனா இருக்கணும்'னுட்டா."

மங்கை அம்மா சிரித்தார். தூணில் இருந்த அணில் ஓடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அவங்க பேரு என்ன?"

"உலகம்மாள்."

"நான் அவங்களைப் பார்க்கணுமே."

"நாற்பத்தெட்டாவது நாள் அவளே வருவா. என்னைக் கூட்டிட்டுப் போக."

"சரி. வரும்போது படியை எண்ணுனீங்களா?"

கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் போல ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "அறுபத்து நாலு."

"வாங்க, அறுபத்து நாலையும் இறங்குவோம்."

*

படி முடிகிற இடத்தில் ஒரு புங்கை மரம் நின்றது. மரத்தடியில் செருப்பு வைக்கும் பலகை அடுக்கு ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி.

"இதுதான் உங்க இடம், அண்ணாச்சி."

"இங்கயா?"

"இங்கதான்."

"மேலே தடுக்கு?"

"முதல்ல செருப்பைக் கழற்றி வைங்க. செருப்பு பார்க்கிறவங்க செருப்பு போடுறதில்ல. இங்க அது வழக்கம்."

அவர் கழற்றி, அடுக்கின் கடைசிப் பலகையில் மூலையோரமாகத் தள்ளினார்.

"இன்னொரு வழக்கமும் உண்டு. இறங்கி வர்றவங்க இங்க யாரும் செருப்பைத் தேடுறதில்ல. கேட்கிறதுமில்ல. வந்து நிற்பாங்க. அவங்க அவங்க செருப்பை அவங்க அவங்க காலுக்கு முன்னால நீங்க எடுத்து வைக்கணும்."

சொல்லிவிட்டு அம்மா படியேறிப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் முக்காலியில் உட்கார்ந்தார். ஊரெல்லாம் தியானம் பண்ண மேலே போகிறது. அதற்கென்றே வந்த மனிதன் கீழே வந்துவிட்டான். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஒரு மெமோ கிடையாது. கடைசியில் ஊரார் செருப்புக்குக் காவல்.

நோட்டை எடுத்து, "முதல் நாள்" என்று எழுதினார். மறுநாள் அந்த நோட்டை அம்மா வாங்கி வைத்துக்கொண்டதால், புங்கை மரத்தில் சாக்குக் கட்டியால் தினம் ஒரு கோடு போட ஆரம்பித்தார்.

*

வேலை என்று வந்தபின் ஒழுங்காகச் செய்யாமலிருக்க அவருக்குத் தெரியாது.

இரண்டாம் நாளே அட்டைகளைச் சதுரமாக வெட்டினார். நம்பர் போட்டார். ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டு அட்டை. ஒன்று செருப்பில், ஒன்று ஆளிடம். ஓட்டை போட்டு நூலும் கோத்தார்.

வருகிறவர் அட்டையை வாங்குவார். இறங்குகிறவர் அட்டையை நீட்டுவார். கை, நம்பர், செருப்பு. கை, நம்பர், செருப்பு.

ஒரு ஜோடி மாறவில்லை. நடுநடுவே ஓய்வு வேறு கிடைத்தது. கண்ணை மூடி மூச்சை எண்ணினார்.

எட்டாம் நாள் மேலே போய்ச் சொன்னார்.

"அம்மா, ஆறு நாள்ல நானூத்தித் தொண்ணூத்தாறு ஜோடி. தப்பு பூஜ்யம்."

"அடேயப்பா!" என்றார் மங்கை அம்மா. "அந்த அட்டையெல்லாம் எங்க?"

கூடையோடு கொண்டுவந்து காட்டினார். அம்மா கூடையை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார்.

மத்தியானம் பந்தியில் பாசிப்பருப்புப் பாயசம் விட்டார்கள்.

"பாயசம் எப்படி, அண்ணாச்சி?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"உங்க அட்டைதான். நின்னு எரிஞ்சுது."

பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது முறை வாங்கிக் குடித்தார். பாயசத்தின் மேல் என்ன கோபம்.

*

மறுநாள் அட்டை இல்லை.

கூடம் விட்டது. மேலே தியானம் முடிந்து எண்பத்து மூன்று பேர் மொத்தமாக இறங்கி வந்து, கேட்காமல், தேடாமல், வரிசையாக நின்றார்கள்.

அவர் கைக்கு வந்ததை எடுத்து வைத்தார்.

பத்தொன்பது ஜோடி மாறிப்போனது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் காலுக்கு முன்னால் வண்டல் அப்பிய ரப்பர் செருப்பு போய் உட்கார்ந்தது. கரும்புக்காட்டுக்காரருக்குத் தலைமையாசிரியரின் பளபளப்பான தோல் செருப்பு. இட்லிக்கடை ராமாத்தாளுக்கு ஒரு கால் அவளுடையது, ஒரு கால் வேறு யாருடையதோ.

"அண்ணாச்சி, ரெண்டும் இடது காலா இருக்கே. நான் இன்னிக்கு ஒத்தைக்கால்லதான் கடைக்குப் போகணுமா?" என்றாள் ராமாத்தாள்.

"பரவாயில்ல, எனக்கு இது சுகமாத்தான் இருக்கு" என்றார் கரும்புக்காட்டுக்காரர், தோல் செருப்பில் இரண்டு நடை நடந்து பார்த்து.

தலைமையாசிரியருக்குக் கேட்க வழியில்லை. வழக்கம் அப்படி. வண்டலை மட்டும் உற்றுப் பார்த்தார்.

ஆவுடையப்பன் அறுபத்து நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

"என்னால ஆகாதும்மா. எண்பத்து மூணு பேரு!"

"உங்க பஸ்ஸுல எத்தனை பேரு ஏறுவாங்க?"

"அறுபது. திருவிழான்னா தொண்ணூறு."

"அவங்களையெல்லாம் எப்படி ஞாபகம் வச்சீங்க?"

"எதுக்கு ஞாபகம்? கை நீளும். டிக்கெட்டைக் கிழிப்பேன். அடுத்த கை நீளும்."

"முகம்?"

"கூட்டத்துல முகத்தை யாரும்மா பார்த்தா?"

மங்கை அம்மா கையில் உரித்துக்கொண்டிருந்த வாழைப்பழத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

"முப்பத்தோரு வருஷம் கை வந்துச்சு. இப்ப கால் வருது. பாருங்களேன்."

"அப்ப முகம்?"

அம்மா மிச்சப் பாதியை வாயில் போட்டுக்கொண்டு, படியைக் கைகாட்டினார்.

*

வேறு வழியில்லாமல் ஆவுடையப்பன் பார்த்தார்.

முதலில் வரிசையை மனப்பாடம் செய்தார். மூன்றாம் பலகை, ஐந்தாம் இடம், நீலச் சட்டை. அது நிற்கவில்லை. நீலச் சட்டை ஏழு பேர் இருந்தார்கள்.

பிறகு செருப்பையே கையில் எடுத்துப் பார்த்தார்.

ஒரு செருப்பில் வலது கால் முன்பாதி மட்டும் கண்ணாடி போல வழவழத்திருந்தது. இது என்ன கூத்து என்று யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆள் படியிறங்கி வந்து நின்றபோது, சட்டைக் காலரில் ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது.

"மிஷின் மிதிக்கிறவரா?"

"ஆமா அண்ணாச்சி, டெய்லர். எப்படித் தெரியும்?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மலைக்கு வந்து அவர் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

இன்னொன்றில் இடது கால் நுனி மட்டும் தேய்ந்து, விரல் வெளியே எட்டிப் பார்க்கிற நிலையில் இருந்தது. அதை அந்த ஆளின் காலுக்கு முன்னால் வைக்கும்போது தலை தூக்காமலே சொன்னார்:

"சைக்கிளுக்கு பிரேக் கட்டையை மாத்துங்க. செருப்பை மாத்திப் பிரயோஜனம் இல்ல."

"அண்ணாச்சி, என் வீட்டுல இதையேதான் சொல்லுதா. உங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போனாளா?"

நாளாக நாளாக அவருக்கு முக்காலி போதாமல் போயிற்று. குத்தவைத்து உட்கார்ந்தார். மண்ணைத் தொட்டுப் பார்த்தார். செம்மண் கிழக்கூர். கரிசல் தெற்கூர். சாம்பல் ஒட்டியிருந்தால் செங்கல் சூளை. புதுச் செருப்பு கடிக்கிறவருக்கு வாரின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார். அவசரமாகக் கழற்றியதா, ஆற அமரக் கழற்றியதா என்பதுகூடத் தெரிந்தது. ஒருநாள் தலைமையாசிரியரின் செருப்பு ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து கிடந்தது. அவர் இறங்கியதும் ஆவுடையப்பன், "வீட்டுல எல்லாரும் சுகந்தானே சார்?" என்று கேட்டார். அந்த மனிதர் அங்கேயே நின்று, தம்பிக்கு ஆபரேஷன் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார்.

படி அறுபத்து நாலும் இப்போது நல்லதாகப் போயிற்று. கால்கள் மேலே தலைகாட்டியதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர்கள் கீழே வருவதற்குள் ஜோடி தயாராக இருக்கும். அந்தக் காலுக்கு அந்தச் செருப்பு போய்ச் சேரும்போது ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது.

கூட்டம் மேலே உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பழக்கத்தில், மூச்சை எண்ணத் தொடங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மூச்சில் புங்கம்பூ ஒன்று செருப்பு மேல் விழும். எடுத்துப் பார்ப்பார். அவ்வளவுதான், கணக்கு போச்சு.

ஒருநாள் தொடங்கவே மறந்துபோனார்.

மரத்தில் கோடுகள் முப்பத்தொன்றோடு நின்றுபோயின. மழை அழித்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த மாதம் மழையே இல்லை.

*

பௌர்ணமி வந்தது. அன்று கூட்டம் எப்போதும் அதிகம். இருநூற்றுப் பதினொரு ஜோடி. அடுக்கு நிரம்பி மண்ணிலும் வரிசை கட்டியிருந்தது.

எல்லாரும் மேலே போன பிறகு, ஆவுடையப்பன் ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வழக்கமான செருப்புகள் சொந்தக்காரர்களைப் போல அவரைப் பார்த்தன.

ஒரு ஜோடியில் நின்றார். இதுவரை இங்கே வராத ஜோடி. யார் விட்டது என்று அவர் பார்க்கவில்லை. ஒரு தாத்தாவுக்குக் கழற்ற உதவிக்கொண்டிருந்த நேரம் போலும்.

பழுப்புநிறப் பெண்கள் செருப்பு. இடது குதிகால் வெளிப்பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. வலது குதிகால் அவ்வளவாகத் தேயவில்லை. வலதின் பக்கிள் உடைந்து, ஊக்கு குத்தியிருந்தது.

கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

வலது காலை ஊன்ற முடியாத பெண். பாரம் முழுக்க இடது காலில். முட்டி வலியாக இருக்கும். நேற்று வந்த வலி இல்லை. இந்தச் சரிவு விழ வருஷக்கணக்காக வேண்டும். யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷி, இந்த முட்டியை வைத்துக்கொண்டு அறுபத்து நாலு படி ஏறியிருக்கிறாள். உடைந்த பக்கிளை மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் ஊக்கு குத்தியிருக்கிறாள்.

முக்காலியைத் தூக்கிக் கடைசிப் படிக்குப் பக்கத்தில் போட்டார். அடுக்குக்குக் கீழே கிடந்த பழைய சாமான் பெட்டியில் துழாவி, ஒரு பழைய பக்கிளைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

கூடம் விட்டது. கால்கள் இறங்கத் தொடங்கின. அவர் கண் அந்த இரண்டு கால்களை மட்டும் தேடியது.

எல்லாருக்கும் பின்னால் அவை வந்தன. ஒவ்வொரு படியிலும் வலது கால் முதலில் இறங்கும். இடது கால் வந்து அதன் பக்கத்தில் நிற்கும். பிறகு அடுத்த படி.

அவர் அதற்குள் மற்றவர்களுக்கெல்லாம் எடுத்து வைத்து முடித்திருந்தார். இருநூற்றுப் பத்து ஜோடி, ஒன்று மாறவில்லை. அதை அவர் எண்ணவும் இல்லை.

கால்கள் கடைசிப் படிக்கு வந்தன.

"உட்காருங்கம்மா" என்றார், குனிந்தபடியே. "வலது முட்டிதானே?"

 முக்காலியில் மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நாளா இருக்குமே?"

"ஆறு வருஷமா."

ஊக்கை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

ஆவுடையப்பன் தலையைத் தூக்கினார்.

முப்பத்தாறு வருஷமாக வீட்டில் இருந்த முகம். அதில் இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருந்தது.

"உலகு..."

"நாந்தான்."

"ஆறு வருஷமாவா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். அப்ப நீங்க எழுநூறாவது மூச்சுல இருந்திய. 'இன்னும் இருபது இருக்கு'ன்னு விரலைக் காட்டுனிய."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்கு முதல் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து உலகம்மாளுக்கே பொறுக்கவில்லை.

"சரி, விடுங்க. இருநூறு பேருக்கும் எடுத்துவச்சதை மேலே நின்னு பார்த்துக்கிட்டுத்தான் வாரேன். ஒவ்வொரு காலா பார்க்குதிய. என்னையும் பார்ப்பியளான்னு பயந்துக்கிட்டே இறங்குனேன்."

"பயந்தா?"

"ஆமா. புதுப்பொண்ணு மாதிரி வெக்கமா வேற இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவர் அவள் முட்டியின் மேல் கையை வைத்தபடி இருந்தார்.

அப்போது மங்கை அம்மா படியிறங்கி வந்தார். கையிடுக்கில் ஒரு புதுத் தடுக்கு. பச்சை ஓலை வாசம் இன்னும் போகவில்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கு நாற்பத்தெட்டாவது நாள்."

"இன்னைக்கா?"

மரத்தைத் திரும்பிப் பார்த்தார். மரம் முப்பத்தொன்று என்றது.

"மேலே உங்களுக்கு இடம் ஒதுக்கியாச்சு. வாங்க."

"போங்க" என்றாள் உலகம்மாள். "கெடு சாயங்காலம் வரைக்கும் இருக்கு. நான் இங்கேயே இருக்கேன். இதுக்காகத்தானே வந்திய?"

ஆவுடையப்பன் தடுக்கைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். பிறகு சரிந்து தேய்ந்த அந்த இடது குதிகாலைப் பார்த்தார்.

"அம்மா, பதினொண்ணரைக்கு ஒரு வண்டி உண்டு. அதுல முன்படி தாழ்வா இருக்கும், இவளுக்கு ஏற லேசு. அதை விட்டா அடுத்தது மூணு மணிக்கு. அந்த வண்டியில படி ரொம்ப உயரம்."

மங்கை அம்மா படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தடுக்கை உதறி, முக்காலிக்கு முன்னால், செருப்புகள் கிடந்த மண்ணில் விரித்தார்.

"வெறும் மண்ணுல குத்தவச்சா உங்க முட்டியும் போயிரும். இதுல உட்கார்ந்து பக்கிளை மாட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். ஊக்கை எடுத்தார். எடுத்து வைத்திருந்த பக்கிளைக் கோத்தார். வார் இறுகாமல், தளராமல் இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லங்க. கூச்சமா இருக்கு."

தூரத்தில், திருப்பத்தில், பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

ஆவுடையப்பன் எழுந்தார். அடுக்கு காலியாகிவிட்டதா என்று பழக்கத்தில் ஒரு முறை பார்த்தார். கடைசிப் பலகையின் மூலையில், தூசி படிந்து, ஒரு ஜோடி கிடந்தது.

"ஐயோ, யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்களே!"

மங்கை அம்மா குனிந்து அதை எடுத்து, தூசியைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு காலிலும் விரல் பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தது. குதிகால் புதிது போல இருந்தது.

"பாவம், உட்காராத மனுஷன் போலிருக்கு. வாழ்க்கை பூரா முன்னால சாஞ்சுக்கிட்டே நின்னிருக்கான். எங்கேயோ போய்ச் சேரணும்னு ஒரே அவசரம்... யாருதும்மா இது?"

உலகம்மாள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்கை அம்மா செருப்பை அவர் கையிலிருந்து வாங்கி, அவருடைய காலுக்கு முன்னால், ஜோடி சேர்த்து வைத்தார்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். வலது காலை நுழைத்தார்.

முதலில் சிரித்தது அவர்தான்.